மத்தியானம் பல் விளக்கிய சிடி

புதிதாக சர்வீஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தவர், "மேடம் பார்க்காத ரிப்பேரே கிடையாது" என்று சொன்னார். சும்மா சொல்கிறார். நான் பார்க்காத ரிப்பேர் எவ்வளவோ உண்டு. என் மேசைக்கு வருவதற்கு முன்பே யாராவது ஒரு புத்திசாலி அதைத் தொட்டுப் பார்த்து, ஒரு ரிப்பேரை இரண்டாக்கிக் கொண்டுவந்து வைத்ததுதான் ஜாஸ்தி. அந்த இரண்டாவது ரிப்பேரில்தான் என் காலம் போனது. அதைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசப்போகிறேன்.

எண்பத்தொன்பதில் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "நான்தாங்க" என்றால், "இல்லம்மா, ரிப்பேர் பண்றவரு" என்பார்கள். அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே டிவியைத் திறந்து சரிசெய்து கொடுப்பேன். "அவரு வந்தா ஒரு தடவ பாக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. கடை கம்ப்யூட்டர் கடையானது. அப்போதும் மெக்கானிக் சாப்பிடத்தான் போயிருந்தார்.

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, வைரஸ். இரண்டு, கரண்ட்டு. மூன்று, நீங்கள் கொண்டுவந்த சிடி சரியில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றிலும் எங்கள் கடையின் தப்பு எதுவும் கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் நல்லவர். யாராவது கஷ்டம் என்று வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவே அவருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இதைவிட ஆபத்தான குணம் இன்னொன்று இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடியோ சிடி மெதுவாக ஏறிய கதை. இதைச் சொன்னதும் உங்களில் இரண்டு பேர் போனை எடுப்பது எனக்குத் தெரிகிறது. எடுங்கள், பரவாயில்லை. அந்தப் போனுக்குள் பாட்டு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அது வட்டத் தட்டில் இருந்தது. அந்தத் தட்டை கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டு, உள்ளே இருக்கும் ஒலியைக் கோப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும். ரிப்பிங் என்போம். இழுத்துவிட்டால் பத்துப் பதினைந்து சிடியை ஒரே சிடியில் அடக்கிவிடலாம். நல்ல டிரைவாக இருந்தால் நீங்கள் ஒரு டீ குடிப்பதற்குள் ஒரு சிடி முடிந்துவிடும்.

எங்கள் கடையின் டிரைவில் ஒரு மணி நேர சிடி ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இதற்குப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டே போயிருக்கலாம். சினிமாப் பாட்டு ஏற்ற வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். "மெஷின் புதுசு, பழகட்டும்" என்று முதலாளி அவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நான் பாதி நாள் வேங்கிக்கால் பக்கம் பிரிண்டர் பார்க்கப் போய்விடுவேன். அதனால் அந்தப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு நாள் மத்தியானம் நெருங்கும் நேரத்தில் நான் கடைக்குத் திரும்பியபோது, கவுன்டர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடக்கிய வெள்ளைக் குச்சி மடியில் இருந்தது. அதன்மேல் ஒரு பை. பைக்குள் வரிசையாக சிடிகள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். பெயர் நசீமா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முதலாளி ஆரம்பித்துவிட்டார். "வா கௌரிம்மா, நீயே பாரு. எல்லா சிடியும் ஸ்கிராட்ச். ஏறவே மாட்டேங்குது. பாவம், கண்ணு தெரியாத பொண்ணு, எங்கனா போட்டுத் தேச்சிருக்கும்." இதை அவள் தலைக்கு மேலேயே, கடைக்கு வெளியே கேட்கிற மாதிரி சொன்னார். கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை.

"சார், நான் சிடிய ஓரத்துலதான் புடிப்பேன்" என்றாள் நசீமா. "நடுவுல கட்டைவிரல் வெக்கிறது கண்ணு தெரியறவங்க பழக்கம்."

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் விஷயம் இதுதான். பி.எட். அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு தாளில் போய்விட்டது. பாடத்தைக் குரலில் பதிந்து கொடுக்கும் ஒரு நூலகம் சென்னையில் இருந்தது. பாடத்தை இரண்டு பாதியாக அனுப்புவார்கள். முதல் பாதி சிடிகள் பழுதில்லாமல் திரும்பிப் போனால்தான் இரண்டாம் பாதி வரும், ஏனென்றால் அடுத்து இன்னொருவர் காத்திருப்பார். அதனால் முதல் பாதியை ஏற்றி ஒரே சிடியில் அடக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அசலைத் திருப்பி அனுப்ப வேண்டும். தீபத்துக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அவளால் கடை வரைக்கும் வர முடியாது. தீபம் முடிந்த கையோடு பரீட்சை. அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், பி.எட். முடித்துவிட்டு வந்தால் வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். எவ்வளவு நாள் சொல்லிவைத்திருப்பார்கள் என்பதுதான் தெரியாது.

"இப்ப சிடிதான் கெட்டுப்போச்சுன்னா, நான் கெடுத்தேன்னுதான் ஆவும்" என்றாள். "ரெண்டாவது பாதி வராது. மேடம், நான் வந்ததுலருந்து ஒண்ணு சொல்லிக்கினே இருக்கேன். எங்க வூட்டு பிளேயர்ல இது எல்லாமே நல்லா படிக்குது."

"அது சாதா பிளேயர்மா" என்றார் முதலாளி. "கம்ப்யூட்டர்னா நுணுக்கமா பாக்கும்."

நுணுக்கம். தினமும் மத்தியானம் எங்கள் கம்ப்யூட்டர் நுணுக்கமாக யோசித்து அப்படியே நின்றுபோவதை நானும் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளே, அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதி ரிப்பேர் முடிந்துவிட்டது. வேறொரு பிளேயரில் அதே சிடி நன்றாகப் பாடுகிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் காலையிலிருந்து அவள் அதைச் சொல்லச் சொல்ல, எங்கள் கடை அவளுக்கு "கொஞ்சம் இரும்மா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொள்ள வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்கள். தண்ணீர்கூடக் கொடுத்தார்கள்.

ஒரு சிடியை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் கடையில் விற்கிற சிடியைவிடச் சுத்தமாக இருந்தது. டிரைவின் பட்டனை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது. சிடியை வைத்தேன். உள்ளே போனது. மெதுவாகத்தான் ஏறியது. மறுபடி வெளியே எடுத்தேன்.

"மேடம், சந்தன வாசன வருதே" என்றாள் நசீமா.

"இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்தனம்தான்மா" என்று சிரித்தார் முதலாளி.

"அது தெரியும் சார். ஆனா இது அந்தத் தட்டு வெளிய வரும்போது வருது, உள்ள போனா நின்னுடுது."

"அட. கண்ணு தெரியாதவங்களுக்கு மூக்கு ஜாஸ்தின்னு சொல்லுவாங்க, சரியாத்தான் இருக்கு."

"மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். நீங்க பேசிக்கினே இருந்தீங்க, நான் சும்மா உக்காந்துக்கினு இருந்தேன்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"எல்லாத்துக்கும்தான் வெச்சேன். மானிட்டரு, யுபிஎஸ்ஸு, உன் ஸ்குரூ டிரைவர் வரைக்கும் வெச்சேனே."

"டிரைவுக்கு எங்க வெச்சீங்க?"

அவர் காலண்டர் தாளை நீவிவிட்டார். "புது டிரைவு. வெளிய வெக்க எடம் கம்மியா இருந்துச்சு. அதான் தட்டத் தொறந்து... உள்ளயே..."

சந்தனத்தைக் குழைத்து, தட்டின் நடுவில் வட்டமாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருக்கிறார். பிறகு தட்டை உள்ளே தள்ளி, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காயும் உடைத்திருக்கிறார். காய்ந்து உதிர்ந்த சந்தனமும் குங்குமமும் உள்ளே ஓடும் சிடியின் காற்றில் பறந்து, தட்டில் தடமே இல்லாமல், லென்ஸின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எந்த ஊர்க் கம்பெனி செய்த டிரைவோ, அதன் கண்ணிலேயே பொட்டு வைப்பார்கள் என்று அதைச் செய்தவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

டிரைவைக் கழற்றித் திறந்தேன். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது. துடைக்க வேண்டியதைத் துடைத்து மூடினேன். எப்படித் துடைப்பது என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் எதற்கு. முதலாளி ஓரமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாரே தவிர, நசீமாவிடம் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்து சிடியைப் போட்டேன். அதே ஆமை வேகம். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் கோடு நகர்வதாகவே தெரியவில்லை.

முதலாளிக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். தொடச்சாச்சு, இன்னும் ஏறல. அப்ப சிடிதானே?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். நம் தொழிலில் ரொம்பப் பேர் சறுக்குவது இங்கேதான். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது, சரிசெய்தும் ஆகிவிட்டது, ஆனாலும் சரியாகவில்லை. உடனே நமக்கு நாம் கண்டுபிடித்ததன்மேலேயே சந்தேகம் வந்துவிடும். பக்கத்தில் ஒருவர் உறுதியான குரலில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால் அதுதான் சரி என்று தோன்றும். குரல் உறுதியாக இருப்பதற்கும் விஷயம் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் முதலாளியைவிட உறுதியான குரலை நான் இந்த ஊரில் கேட்டதில்லை.

"அப்ப சிடிதான் போச்சாக்கா?" என்றாள் நசீமா. மேடம் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. "அவங்களுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"யாருக்கும் ஒண்ணும் சொல்லாத. கொஞ்சம் இரு" என்றேன். நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன், பாருங்கள். கேபிளைப் பார்க்கலாம் என்று மேசைக்கு அடியில் புகுந்தேன். ஒரு பக்கம் தூசி, ஒரு பக்கம் முதலாளியின் பழைய செருப்பு. கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது மேலே நசீமாவின் குரல் கேட்டது.

"அக்கா, மத்தியானத்துல யாரு பல் வெளக்கறாங்க?"

நான் எழுந்த வேகத்தில் மேசை என் தலையில் இடித்தது.

பின்னால் கை கழுவும் இடத்தில் முதலாளி நின்றிருந்தார். ஒரு கையில் பற்பசை. இன்னொரு கையில் நசீமாவின் சிடி. ஆள்காட்டி விரலால் பசையைத் தடவி, வட்ட வட்டமாக, ரொம்ப அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரைகூட வந்திருந்தது.

"ஸ்கிராட்ச் போயிடும்மா" என்றார். "ஏதோ புக்குல போட்டிருந்தான். பாவம், நம்மால முடிஞ்ச உதவி."

நசீமா குச்சியை விரித்துக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள். "அது என்னுது இல்ல சார். ஒருத்தவங்க குடுத்தது. இன்னொருத்தவங்களுக்குப் போவ வேண்டியது. குடுங்க." வாங்கி, துப்பட்டா நுனியால் ஈரத்தை ஒற்றினாள். கவுன்டரில் இருந்த மற்ற சிடிகளையும் கையால் தடவி எடுத்துப் பைக்குள் வைத்தாள். "நான் போறேன்க்கா. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. ஆனா இதுக்கு மேல இங்க வெக்க எனக்கு பயமா இருக்கு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதலாளி மேல்தான். ஆனால் முதலாளியைத் திட்டினால் டிரைவ் ஓடாது. அவள் வாசல் தாண்டிவிட்டால் இந்தச் சிடிகள் கெட்டவை என்றே முடிவாகிவிடும், அதைக் கெடுத்தவள் அவள் என்றும் ஆகிவிடும். அதோடு அந்தப் பரீட்சையும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு.

"உன் சிடிய நான் இனி தொடல" என்றேன். "பையிலயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவ பாக்கறேன், உன்னுது எதுவும் வேணாம். உக்காரு."

உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

கண்ணாடி அலமாரியில் நாங்கள் விற்பனைக்கு வைத்திருந்த பக்திப் பாட்டு சிடி ஒன்றை எடுத்தேன். மேலே சுற்றிய தாள்கூடப் பிரிக்கவில்லை. முதலாளியின் முன்னாலேயே பிரித்து டிரைவில் போட்டு ஏற்றினேன். காலையிலிருந்து குற்றவாளிக் கூண்டில் நசீமாவின் சிடியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தோம். எங்கள் டிரைவை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

அதே ஆமை வேகம். அது மட்டுமில்லை, சிடி ஏறிக்கொண்டிருக்கும்போது மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒட்டிக்கொண்டு நின்றது.

"அதுவும் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் முதலாளி.

"நீங்க விக்கிறதுங்க."

அவர் வாயை மூடினார். பல வருஷங்களில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

மவுஸ் நின்றது என்றேன் அல்லவா, அதுதான் விஷயம். சிடி கெட்டிருந்தால் டிரைவ்தான் திணறும், மவுஸ் எதற்கு நிற்கிறது? டிரைவிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டர் வேகமான வழியிலும் வாங்கலாம், மெதுவான வழியிலும் வாங்கலாம். மெதுவான வழியில் பிராசசர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் தானே ஒவ்வொரு துளியாக அள்ளிக்கொண்டிருக்கும். திரையில் அதற்கான செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். எங்கள் டிரைவ் மெதுவான வழியில் இருந்தது. யாரும் அங்கே வைக்கவில்லை. குங்குமம் இருந்த நாட்களில் அது திரும்பத் திரும்பத் தப்பாகப் படித்திருக்கிறது. கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருந்து, இது சரிப்படாது என்று தானே வழியை மாற்றிவிட்டது. இப்போது குங்குமம் இல்லை. ஆனால் அதை யார் போய்க் கம்ப்யூட்டரிடம் சொல்வது?

நசீமா நின்றுகொண்டே கேட்டாள், "இன்னாக்கா ஆச்சு?"

"நடுவுல கொஞ்ச நாள் தூசியால தடுமாறிச்சு. அதப் பாத்துட்டு கம்ப்யூட்டர், நீ மெதுவாவே நடன்னு ஓரமா தள்ளிடுச்சு. இப்ப தூசி போயிடுச்சு. ஆனா அது இன்னும் பழசயே நெனச்சிக்கினு இருக்குது."

நசீமா குச்சியை மடக்கினாள். அப்புறம் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "இஸ்கூல்ல என்னயும் இப்பிடித்தான்க்கா பண்ணாங்க. ஒரு நாள் படியில தடுக்கி விழுந்தேன். அதுலருந்து வெளையாட்டு பீரியட்ல உக்காருன்னு சொன்னவங்க, பன்னண்டாவது முடிக்கிற வரைக்கும் எழுந்துருன்னு சொல்லவேல்ல." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

சரிசெய்வது இரண்டு நிமிஷ வேலை. அந்த இணைப்பின் பதிவையே கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, அணைத்துப் போட்டேன். டிரைவை அது புது ஆளாகப் பார்த்தது. பழைய கணக்கெல்லாம் மறந்து வேகமான வழியில் விட்டது. பக்திப் பாட்டு சிடியைப் போட்டேன். மோட்டார் சத்தமே மாறியது. டீ வந்தது. டீ ஆறுவதற்குள் சிடி முடிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மெஷின் சரிசெய்திருக்கிறேன், அன்றைக்குப் பட்ட சந்தோஷம் ரொம்பக் கொஞ்சம் தடவைதான் பட்டிருக்கிறேன். நசீமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளே பையைத் திறந்து முதல் சிடியை ஓரத்தில் பிடித்து நீட்டினாள்.

எல்லாம் ஏறியது, பல் விளக்கியதைத் தவிர. அது பாதி வரை போய் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. நாள் முழுக்கத் தேடிய அந்தக் கெட்ட சிடி கடைசியில் கிடைத்துவிட்டது. எங்கள் கடையில் தயாரித்தது. கல்வி உளவியலில் ஒரு பாடம் அதில் இருந்தது. நினைவும் மறதியும் என்று தலைப்பு.

நூலகத்துக்குப் போன் போட்டு ரிசீவரை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் என்னிடம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் பேசினார். "அம்மா, ஒரு சிடில கொஞ்சம் ஸ்கிராட்ச் ஆயிருக்குது... இல்லம்மா, அந்தப் பொண்ணு இல்ல." நசீமா இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான்தான்மா தேச்சேன்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "பேஸ்ட்டால." அந்தப் பாடத்தைப் படித்துக் கொடுத்தவர் ஊர் மாறிப் போய்விட்டாராம். நீங்களே யாரையாவது படிக்க வைத்துப் பதிந்து, மற்ற சிடிகளோடு சேர்த்து அனுப்பினால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்களாம்.

"புக்கு என்கிட்டயே இருக்குக்கா" என்றாள் நசீமா. "அச்சடிச்ச புக்க மட்டும் எனக்கு யுனிவர்சிட்டிலருந்து கரெக்டா தபால்ல அனுப்பிடுவாங்க. பஸ்ல பக்கத்துல யாராச்சும் படிச்சவங்க உக்காந்தா ஒரு பக்கம் படிக்கச் சொல்லுவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ படிச்சிடு கௌரிம்மா. உன் கொரல் நல்லாருக்கும்."

என் குரல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேய்த்தது நான் இல்லை. மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படித்தார். வியர்த்துக் கொட்டியது. "புலனுணர்வு" என்ற வார்த்தையை மூன்று விதமாகப் படித்தார், மூன்றும் தப்பு. நசீமா திருத்திக்கொண்டே வந்தாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் "அண்ணே, பிரிண்டர் இங்க் இருக்குதா?" என்றார். மறதி ஏன் ஏற்படுகிறது என்று படித்துக்கொண்டிருந்தவர், மூச்சு விடாமல் அதே குரலில் "இங்க் நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நூலகத்துக்கான சிடியில் அதை வெட்டிவிட்டேன். நசீமாவின் சிடியிலும் வெட்டப் போனேன். "அது இருக்கட்டும்க்கா" என்றாள். "அங்கதான் தூக்கம் கலையும்."

கூட்டம் சேர்வதற்கு முன்னால் சிடிகள் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் பாதியும் நேரத்துக்கு வந்தது.

அப்புறம் கோடையில் ஒரு நாள் நசீமா கடைக்கு வந்தாள். பாஸ். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலை. முதலாளி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நான் படிச்ச பாடத்துல கேள்வி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுண்ணே. மறதிக்குக் காரணம் என்னன்னு பெரிய கேள்வி. நான் சொல்லச் சொல்ல எழுத ஒருத்தவங்கள போட்டிருந்தாங்க. கடகடன்னு சொல்லிக்கினே போனேன். நீங்க படிச்சது அப்பிடியே மனசுல இருந்துச்சு. அந்த வேகத்துல இங்க் நாளைக்கு வரும்னும் சொல்லிட்டேன். அவங்க அதயும் எழுதிட்டாங்க."

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. "மார்க்கு வெட்டிட்டாங்களா?"

"தெரியலண்ணே. இங்க் வந்துச்சான்னு பேப்பர் திருத்தனவங்களும் கேக்கல."

அவளுடைய பிளேயர் கெட்டுப்போனால் இப்போதும் அந்தக் கடைக்குத்தான் எடுத்துப் போகிறாளாம். நான் இப்போது அங்கே இல்லை, ஆனால் முதலாளி இருக்கிறார். பிளேயரைக் கவுன்டரில் வைத்துவிட்டு, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொள்வாளாம். "அண்ணே, நீங்க எதயும் தொடைக்கறதுக்கு முன்னாடி, நான் சொல்றத மொதல்ல கேட்டுக்கறீங்களா?"

முதலாளி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு "சொல்லும்மா" என்பாராம்.